ஒரு பொன்னாடையால் போன பஸ்

1

போன வாரம் நகர மன்றத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. பிரித்தால், நான் கொடுத்த பொன்னாடை. மடிப்புக் கலையாமல் கண்ணாடித் தாளில் சுற்றி, மேலே ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்: ‘மதிப்பு: குறிப்பிடத்தக்கது அல்ல.’ நம் ஊரில் போர்த்தப்படும் எத்தனையோ பொன்னாடைகளுக்குப் பொருந்தும் வாசகம்தான். ஆனால் முத்திரை குத்தி யாரும் எழுதித் தந்து நான் பார்த்ததில்லை.

நான் தேவசகாயம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். இப்போது கனடாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன நகரத்தில், விவசாய இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறையில் அதே வேலை. நகரத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று அவர்களிடமிருந்து இன்னொரு கடிதம் வரும்.

சென்ற ஆண்டு எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. உறுதிமொழி எடுத்த மண்டபத்தில் ஒரு அதிகாரி, “இனி நீங்கள் ஓட்டுப் போடுவதோடு நின்றுவிடக் கூடாது, பங்கேற்க வேண்டும்” என்றார். எல்லோரும் கை தட்டிவிட்டுக் கேக் சாப்பிடப் போனார்கள். நான் ஒருவன் மட்டும் அதை நம்பிவிட்டேன். நம்பி, என் மனைவி அமுதாவின் வேலைக்கே வேட்டு வைக்கும் அளவுக்குப் பங்கேற்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

2

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் கருத்துக் கேட்பார்கள். பூங்கா பெஞ்சுக்கு என்ன நிறம் அடிக்கலாம்? பனி அள்ளும் வண்டிக்கு என்ன பெயர் வைக்கலாம்? வண்டிக்குப் பெயர் வைக்க ஓட்டெடுப்பே நடந்தது. என் மகள் ஷரோன் பள்ளியில் அதற்குப் பிரசாரம் செய்தாள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கும்பிட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம் நம்மை நிம்மதியாக விட்டுவிடும் ஊரிலிருந்து வந்தவன் நான். இவ்வளவு கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பஸ்ஸை நிறுத்தப் போகிறோம் என்பதையும் முறைப்படி கருத்துக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். நூலகத்தில் பெரிய வரைபடம் மாட்டி, பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு வையுங்கள், பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொட்டு வையுங்கள் என்றார்கள். அமுதா தான் போகும் வழி முழுக்கப் பச்சைப் பொட்டு ஒட்டிவிட்டு வந்தாள். ‘இந்தப் பகுதி மக்கள் பசுமையை விரும்புகிறார்கள்’ என்று அறிக்கை வந்தது. மரம் நடப் போகிறார்களாம்.

அந்த பஸ் காலையிலும் மாலையிலும் எங்கள் தெருவுக்கும் ஊர்க் கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கும் போய் வரும். அமுதா அங்கே சமையல். என் ஷிஃப்ட் காலையில் அவள் வேலைக்கு முன்பே, பக்கத்து ஊரில், எதிர்த் திசையில் தொடங்கிவிடும். அவளுக்குக் கார் ஓட்ட வராது. கற்றுக்கொள்ளப் போய், பனியில் வழுக்கி ஒரு தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தவள், “அந்தப் பேஜாரே வேணாம்” என்று அத்தோடு விட்டுவிட்டாள். பஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

வேலை என்றால் சம்பளம் மட்டும் இல்லை. வீட்டில் ஷரோன் பேசும் ஆங்கிலத்தில் பாதி அவளுக்குப் புரியாது. வங்கியிலும் மருத்துவரிடமும் நான்தான் அவளுக்காகப் பேசுவேன். அந்தச் சமையலறையில் மட்டும் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கஞ்சியில் உப்பு குறைவு என்று மேனேஜரே அவளிடம் தயங்கித்தான் சொல்லுவார். அந்த இடம் போய்விடுமோ என்று அவள் பயந்ததை, இரவில் புரண்டு புரண்டு படுத்ததில் நான் தெரிந்துகொண்டேன். வாய்விட்டு அவள் சொல்லவில்லை.

“நான் பாத்துக்கிறேன். நம்மூருக்கு பஸ் வாங்கினு வந்தவன்டி நான்” என்றேன்.

அவள் ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

3

நான் சொன்னது பொய்யில்லை. எங்கள் கிராமத்திலிருந்து தொழிற்பேட்டைக்குப் போக அப்போது பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவில் பின்னால் தொங்கிக்கொண்டு போவோம், அல்லது ரயில் நிலையம் வரை நடை. பேக்கிங் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் பாடுதான் திண்டாட்டம். காலை ஷிஃப்டுக்குக் கொஞ்சம் தாமதமானால் கேட்டை மூடிவிடுவார்கள். அன்றைய கூலி போச்சு.

ஊர் ஆண்கள் கூடிப் பேசினோம். எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது என்று முடிவானது. அதில் நான்தான் முன்னணி. மீஞ்சூர் கடைத்தெருவில் பொன்னாடை வாங்கி, வேனில் ஏறி அவர் வீட்டுக்குப் போனோம். அங்கே எங்களுக்கு முன் இன்னும் பல ஊர்கள் வரிசையில் நின்றன. எல்லார் கையிலும் பொன்னாடை. அவர் குனிவார், நாம் போர்த்துவோம், பக்கத்தில் நிற்பவர் உடனே உருவிப் பின்னால் கொடுப்பார், போட்டோ எடுப்பார்கள். மனுவை உதவியாளர் வாங்கிக்கொள்வார். உருவிய பொன்னாடைகள் கட்டுக்கட்டாகக் கடைக்கே திரும்பிப் போகும் என்று கடைக்காரரே சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்கள் போர்த்தியதும் ஏற்கெனவே நாலைந்து தோள் பார்த்ததாகத்தான் இருக்கும்.

மறுநாளே பஸ் வந்தது. நிறுத்தத்தில் எம்.எல்.ஏ. பெயரோடு கல் நட்டார்கள். அந்தக் கல்லைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மார்பு விரியும். ஒரு மக்கள் பிரதிநிதியை எப்படி அணுக வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் விமானமே ஏறினேன்.

4

எங்கள் வார்டு கவுன்சிலர் மார்கரெட் என்ற அம்மாள். ஓய்வு பெற்ற ஆசிரியை. பஸ்ஸை நிறுத்தக் கூடாது என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். மன்றத்தில் மேயரோடு சேர்த்து ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் பஸ் பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம் என்று மார்கரெட்டே எனக்குப் போனில் சொல்லியிருந்தார். “நீங்கள் வந்து உங்கள் அனுபவத்தைச் சொன்னால் போதும்” என்றார்.

போதும் என்று சொன்னால் நாம் விடுகிற ஜாதியா? ஊரிலிருந்து வந்தபோது அக்கா பெட்டியில் நாலு பொன்னாடை வைத்து அனுப்பியிருந்தாள். அதில் பளபளப்பு அதிகமான ஒன்றை எடுத்துக்கொண்டேன். கோட் போட்டுக்கொண்டேன். ஷரோன் பார்த்துவிட்டு, “அப்பா, ப்ளீஸ், அது வேணாம். வியர்டா இருக்கும்” என்றாள். மரியாதை தெரியாத தலைமுறை என்று நினைத்துக்கொண்டேன்.

பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மரியாதைக்குரிய மேயர் அவர்களே என்று தொடங்கி, ஒவ்வொரு கவுன்சிலர் பெயரையும் சொல்லி வணங்கி, செயலாளரை வணங்கி, ஒலிபெருக்கி வைத்தவரையும் வணங்கி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. மேடையில் இருப்பவர்களில் ஒருவரை விட்டாலும் வருத்தப்படுவார்களே! பிறகு பஸ்ஸைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். கடைசியில் நேராக மார்கரெட்டிடம் போய்ப் பொன்னாடையைப் பிரித்து அவர் தோளில் போர்த்திவிட்டேன்.

அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டார். கரையைத் தடவிப் பார்த்து, “எவ்வளவு அழகு! இது தங்கமா?” என்று கேட்டார். மைக் திறந்தே இருந்தது.

நம் ஊரில் இருக்கும் நீங்களே சொல்லுங்கள். ஒரு பெரிய மனுஷி தோளில் போர்த்தி, அவரும் நெகிழ்ந்து நிற்கும்போது, ‘இல்லையம்மா, நைலான், ஒரு முறை துவைத்தால் சாயம் போய்விடும்’ என்று யாராவது சொல்வார்களா? “ஆமாம். அசல் பட்டு. கரை தங்கம்” என்றேன். கொடுப்பவன் உயர்த்திச் சொன்னால்தானே வாங்குகிறவருக்குப் பெருமை?

செயலாளர் ஒரு கண்ணாடி போட்ட இளைஞர். அவர் எழுந்து வந்து மார்கரெட் காதில் ஏதோ சொன்னார். மார்கரெட் முகம் வெளுத்தது. பொன்னாடையை நான்காக மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்துவிட்டு வெளியே போனார். கண்ணாடியில் அழகு பார்க்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

ஓட்டெடுப்பு நடந்தது. பஸ் வேண்டும் என்று நான்கு கை. வேண்டாம் என்று நான்கு கை. சமமாக வந்தால், பஸ்ஸைத் தொடரும் தீர்மானம் தோற்றது என்று பொருளாம். மேயர் சுத்தியலால் தட்டினார். அவ்வளவுதான்.

மன்றத்தின் முன் கோரிக்கை வைத்திருப்பவரிடமிருந்து விலையுயர்ந்த அன்பளிப்பு வாங்கினால், அந்த விஷயத்தில் ஓட்டுப் போடக் கூடாது, அறையிலேயே இருக்கக் கூடாது. அதுதான் இங்கே விதி. செயலாளர் எனக்கு மிகப் பணிவாக விளக்கினார். நம் பக்கம் இருந்த ஒரே ஒரு கூடுதல் கையை என் கையாலேயே பிடித்து வெளியே தள்ளிவிட்டேன்.

5

கூட்டம் முடிந்து மூவரும் காரில் வரும்போது ஷரோன்தான் முதலில் பேசினாள்.

“அப்பா, நீ அவங்களுக்கு லஞ்சம் குடுத்திருக்க. அதுவும் லைவ்ல.”

“லஞ்சமா? மரியாதைம்மா அது.”

“அதுக்கு இங்க அதான் பேரு.”

அமுதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். “தங்கம்னு ஏங்க சொன்னீங்க?”

நான் காரைப் பூட்டப் போனேன்.

மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டேன். ரோஸ் அக்கா இப்போது எங்கள் பஞ்சாயத்தில் வார்டு மெம்பர். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் அவள் நின்றாள். ஜெயித்த நாளிலிருந்து மாமாவைத்தான் ஊரில் மெம்பர் என்று கூப்பிடுகிறார்கள். கிராம சபைக் கூட்டத்தில் மாமா நாற்காலியில் இருப்பார், அக்கா பின்னால் டீ கொடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவள் டீ கொடுக்காமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்று முதல் மாமா டீ கொடுக்கிறார். ஆனாலும் பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.

நடந்ததைச் சொன்னேன். போனில் அவள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது எனக்கே கேட்டது.

“ஏண்டா, இன்னா நெனச்சிக்கினு போர்த்துன?”

“நம்மூருக்கு பஸ் எப்படிக்கா வந்துச்சு? அப்ப நாங்க எம்.எல்.ஏ.வுக்கு...”

“டேய், நிறுத்துடா. பஸ்ஸு உன் பொன்னாடைக்கா வந்துது?” அக்கா குரல் மாறியது. “நீங்கல்லாம் வேன்ல ஏறி அங்க போட்டோ புடிச்சிக்கினு இருந்தீங்க. அன்னிக்கு காலைல நாங்க பொம்பளைங்க கம்பெனி ரோட்ல டிபன் டப்பாவ முன்னால வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தோம். இரும்பு லோடு ஏத்துன லாரிங்க ஹைவே வரிக்கும் நின்னுச்சு. டெப்போ மேனேஜரு ஓடியாந்து, நாளைலேர்ந்து பஸ்ஸு விடறேன்னு சொன்னப்புறம்தான் எழுந்தோம்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா.”

“உனக்கு இன்னா தெரியும்? முன் வரிசைல குந்தினு இருந்தவ யாருன்னு உன் பொண்டாட்டியவே கேளு. அப்ப அவளுக்கு உன்னோட கல்யாணம் கூட ஆவல. போலீஸ்கார் எழுந்திருன்னாரு. வேலைக்கு லேட்டாவுது சார், பஸ்ஸு வந்ததும் எழுந்துக்கிறேன்னா.”

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அமுதா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு நீயும் ரோட்ல குந்தினு இருந்தியாமே?”

“ஆமா.”

“இத்தினி வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க அந்தக் கல்லப் பாத்து சந்தோஷப்பட்டுக்கினு இருந்தீங்க. அத்த ஏன் கெடுக்கணும்?” என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

என் வாழ்க்கையின் ஒரே அரசியல் வெற்றி அப்படித்தான் வெங்காயத் தோலோடு குப்பைக்குப் போனது. உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் என் ஜம்பத்தைக் கலைக்காமல் பக்கத்தில் நின்றிருக்கிறாளே என்று, மீதி வெங்காயத்தை நான் வாங்கி நறுக்கினேன்.

6

பொன்னாடை நைலான்தான் என்று மன்றத்துக்கு எழுதிப் போட்டேன். செயலாளர் அதைப் பரிசோதனைக்கே அனுப்பியிருக்க வேண்டும். பதில் வர நாளானது. நான் சொல்வதை ஏற்கிறார்களாம். மார்கரெட் மேல் எந்தத் தவறும் இல்லையாம். ஆனால் முடிந்த ஓட்டெடுப்பை மறுபடி எடுக்க வேண்டுமானால், ஜெயித்த பக்கத்தில் ஓட்டுப் போட்ட ஒருவரே அதைக் கேட்க வேண்டுமாம். அதாவது, பஸ் வேண்டாம் என்று கை தூக்கிய நான்கு பேரில் ஒருவர், ‘நாங்கள் ஜெயித்ததை மறுபடி பார்க்கலாம்’ என்று தானாக முன்வர வேண்டும். நம் ஊரில் இப்படி ஒரு விதி இருந்தால் அதை எல்லோரும் கிண்டல் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பஸ் நின்றது. மறுநாள் காலை அமுதா நடந்தாள்.

ஊர்க் கோடி வரை நடைபாதை கிடையாது. பனி ஓரத்தில் குவிந்து கிடக்கும். பொழுதும் விடிந்திருக்காது. ஒரு மணி நேர நடை. நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். மார்கரெட் தானே காரில் கொண்டுபோய் விடுவதாகப் போன் செய்தார். அமுதா என்னிடம், “வேணாம்னு சொல்லுங்க. அந்தம்மா கார்ல நான் போனா, அந்த பஸ்ல போன மத்தவங்க எதுல போவாங்க?” என்றாள்.

அந்த வழியில்தான் வால்டர் வீடு. ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பஸ் வேண்டாம் என்ற நான்கு பேரில் முக்கியமானவர். ஆளில்லாத பஸ்ஸுக்கு வரிப்பணத்தை எரிக்கலாமா என்பது அவர் கட்சி. தினமும் காலை அவர் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும் நேரம் அமுதா அந்த வழியாகப் போவாள். முதல் நாள் அவர் குட் மார்னிங் சொன்னார். பிறகு ஒரு நாள் காரை மெதுவாக்கி, ஏறிக்கொள்ளுங்கள் என்றார்.

“நோ கார். பஸ்” என்றிருக்கிறாள் அமுதா.

மறுநாளும் கேட்டார். அதே பதில். வெளியே மூக்கு விறைத்துப்போகும் குளிர். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கெஞ்சுவதும், இவள் நன்றி சொல்லிவிட்டு நடப்பதும் வழக்கமாகிவிட்டது. பார்த்தவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். எனக்குப் பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

“கால் விறைச்சிப் பூடும்டி. ஒரு நாளாவது ஏறிக்கினா இன்னா?”

“ஏறிட்டா அவருக்கு மனசு லேசாயிடும்” என்றாள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். “அவ மறியல் பண்ணிக்கினு கீறாடா. நீ நடுவுல பூந்து பொன்னாடைய எடுத்துக்கினு போவாத” என்றாள்.

இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணும் அந்த பஸ்ஸில் வருகிறவள்தான். அவள் அமுதாவோடு நடக்க ஆரம்பித்தாள். அப்புறம் துப்புரவு வேலை செய்யும் ஒரு வயதானவர். ஒரு காலை வால்டர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டாராம். அந்த மன்றத்தின் குறிப்புகளில் என் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்று விதமான எழுத்துப் பிழையோடு. நடக்கிறவளின் பெயரை யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

7

ஓட்டெடுப்பை மறுபடி எடுக்க வேண்டும் என்று வால்டர் எழுதிக் கொடுத்தார். ‘பஸ்ஸில் ஆளில்லை என்று நினைத்தேன். ஆள் இருக்கிறார்கள். என் வீட்டு முன்னால் நடந்து போகிறார்கள்’ என்று காரணம் சொல்லியிருந்தார்.

பேசப் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். நான் ஒரு உரை தயாரித்தேன். நல்ல உரை. இந்த முறை வணக்கங்களைச் சுருக்கியிருந்தேன். படித்துக் காட்டலாம் என்று அமுதாவிடம் போனேன்.

“நான் பேர் குடுத்துட்டேன்” என்றாள்.

“நீயா? இங்கிலீஷ்ல பேசணுமே?”

“பேசிக்கிறேன்.”

“சரி, நானும் வந்து பக்கத்துல...”

“வேணாங்க. ஷரோன் வண்டி ஓட்டுது, அது இட்டுக்கினு போவட்டும்.”

ஷரோன் சாவியை எடுத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டரில் நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மன்றக் கூட்டத்தைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் முறை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அமுதா மைக் முன்னால் வந்து நின்றாள். வேலைக்குப் போகும் அதே குளிர் கோட். கையில் எதுவும் இல்லை. மேயர், ஐந்து நிமிடம் இருக்கிறது என்றார். ஒன்பது பேரையும் ஒரு முறை பார்த்தாள். வால்டரிடம் கொஞ்சம் கூடுதலாகப் பார்வை நின்றது.

“மை நேம் அமுதா. ஐ குக். நோ பஸ், ஐ வாக். ஹீ ஸீ மீ. நவ் யூ ஸீ மீ.”

அவ்வளவுதான். நான் திரையைப் பார்த்து, “சொல்லு, இன்னும் சொல்லு” என்று சத்தமாகக் கத்தினேன். அவள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அம்மா, இன்னும் நான்கரை நிமிடத்துக்கு மேல் உங்களுக்கு இருக்கிறது” என்றார்.

அமுதா நின்று திரும்பினாள். “யூ கீப்” என்றாள்.

இந்த முறை மார்கரெட் உள்ளேயே இருந்தார். வால்டரும் கை தூக்கினார். பஸ் திரும்ப வந்தது. ஆனால் காலையில் மட்டும். மாலை பஸ்ஸுக்குப் பணம் இல்லை, அதைப் பிறகு பார்க்கலாம் என்று தீர்மானத்திலேயே எழுதிவிட்டார்கள். மாலையில் நான் வேலை முடிந்து வந்துதான் அவளை அழைத்து வர வேண்டியிருக்கிறது. மற்ற இருவரும் என் காரிலேயே வருகிறார்கள்.

நேற்று வரும் வழியில், அடுத்த மாதக் கூட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டதாக அமுதா சொன்னாள். மாலை பஸ்ஸுக்காம். பின் இருக்கையில் இருந்த இருவரும் தாங்களும் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

“அப்ப நான் எங்க குந்தட்டும்? முன் வரிசைலயா, பின்னாலயா?” என்று கேட்டேன்.

அவள் யோசிக்கக்கூட இல்லை.

“ஊட்ல” என்றாள்.